மாதா கோயிலும் ஆர்கன் வாத்தியமும்

கொல்லனிடம் துருத்தி இருக்கிறது. ஆயனிடம் குழல் இருக்கிறது. அந்தத் துருத்தியின் காற்றை இந்தக் குழலுக்குள் செலுத்தி, எந்தக் குழல் எப்போது ஒலிக்க வேண்டும் என்பதை விரலால் தீர்மானிக்க ஓர் ஏற்பாடும் செய்துவிட்டால், அதுதான் ஆர்கன் என்னும் வாத்தியம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் டெசிபியஸ் என்னும் பொறிவல்லுநர், தண்ணீரின் அழுத்தத்தைக் கொண்டு காற்றைச் சீராக்கி இதனை முதன்முதலாக அமைத்தார். ரோமாபுரியில் அது கேளிக்கை அரங்குகளில் முழங்கிற்று. கோயிலுக்கும் அதற்கும் அந்நாளில் ஒரு சம்பந்தமும் கிடையாது. கி.பி. 757-இல் கான்ஸ்டாண்டிநோபிள் சக்கரவர்த்தி, பிராங்கு நாட்டு மன்னன் பெப்பினுக்கு ஓர் ஆர்கனைப் பரிசாக அனுப்பினார். அதன் பின்னர்தான் மேற்கு ஐரோப்பாவில் அது மெல்ல மெல்லக் கோயிலுக்குள் புகுந்து, ஆயிரம் ஆண்டுகளில் கத்தோலிக்கப் பேராலயங்களின் அரியணையில் ஏறி அமர்ந்துகொண்டது. இசைமேதை மோஸார்ட் 1777-இல் தம் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் இதனை வாத்தியங்களுக்கெல்லாம் அரசன் என்றே குறிப்பிட்டார்.

மரக்காணத்து உப்பளக் கரையில் வாழ்கிறவன் இதைப் பற்றிப் பேசுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் கரையில் இசைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது அறிஞர் பலருடைய கருத்து. யாழ் ஏந்திய பாணரும் உப்பு வண்டி ஓட்டிய உமணரும் அந்த நூலில் அடுத்தடுத்து வருகிறார்கள். யாழ் மறைந்துவிட்டது, உப்பு இருக்கிறது. பின்னர் வந்த மாதா கோயில்களில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பாட்டுக்குத் துணை நின்றது ஆர்மோனியப் பெட்டி. அந்தப் பெட்டி, பேராலயத்து ஆர்கனின் வழிவந்த ஏழைப் பேரன். பாட்டன் ஏன் இக்கரைக்கு வரவில்லை, பேரன் ஏன் வந்தான், வந்த பேரனை இந்த வானொலியே ஏன் முப்பது ஆண்டுகள் வாசலில் நிறுத்திவைத்தது என்பவற்றைச் சொல்வதே என் நோக்கம்.

முதலில் வாத்தியத்தைப் பார்ப்போம். ஒரு குழாய்க்கு ஒரே ஒரு சுரந்தான். புல்லாங்குழலில் துளைகளை மூடியும் திறந்தும் பல சுரங்களை எழுப்புகிறோம். ஆர்கன் குழாயில் துளை இல்லை. ஆகையால் எத்தனை சுரம் வேண்டுமோ அத்தனை குழாய் வேண்டும். எட்டடி நீளமுள்ள திறந்த குழாய் ஒரு மந்தர சுரத்தைத் தருமாயின், அதில் பாதியான நான்கடிக் குழாய் அதே சுரத்தை மேல் ஸ்தாயியில் தரும். இரட்டித்துக்கொண்டே போனால் பதினாறடி, முப்பத்திரண்டடி. முப்பத்திரண்டடிக் குழாய் நொடிக்குப் பதினாறு முறைதான் அதிரும். அதைக் காது கேட்பதைக் காட்டிலும் உட்கார்ந்திருக்கும் பலகையும் நெஞ்சுக்கூடும் உணர்வதே அதிகம். மறுகோடியில், விரல் நீளங்கூட இல்லாத குழாய்கள் சிள்வண்டுபோல் ஒலிக்கும்.

குழாய்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று புல்லாங்குழல் ஜாதி: காற்று ஒரு விளிம்பில் மோதிப் பிளந்து ஒலி எழும். மற்றொன்று நாகசுர ஜாதி: சீவாளிபோல ஒரு மெல்லிய உலோக நாக்கு துடித்து ஒலி எழும். ஒவ்வொரு ஜாதியிலும் ஈயம், தகரக்கலவை, மரம் என்று பொருளுக்கேற்பவும், அகலம் குறுக்கத்துக்கேற்பவும் குரல் மாறும். ஒரே குரல் உள்ள குழாய்களை ஒரு வரிசையாக நிறுத்தி, அந்த வரிசைக்குக் காற்றைத் திறக்கவும் அடைக்கவும் வாசிப்பவர் கையருகே ஒரு குமிழை வைத்திருப்பார்கள். குமிழை இழுத்தால் அவ்வரிசை விழித்துக்கொள்ளும். உள்ளே தள்ளினால் உறங்கிவிடும். விரல்களுக்கு இரண்டு, மூன்று, ஐந்து அடுக்குகளாகக் கட்டைகள். பாதங்களுக்கும் தனியே ஒரு வரிசை. ஆக, ஆர்கன் வாசிப்பவர் இரண்டு கைகளாலும் இரண்டு கால்களாலும் வாசிக்கிறார். மின்சாரம் வருவதற்கு முன் துருத்தி மிதிப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். வாசித்தவர்களின் பெயர்கள் சரித்திரத்தில் இருக்கின்றன. மிதித்தவர்களின் பெயர்கள் இல்லை.

இத்தனை பெரிய வாத்தியத்துக்கு ஒரு குறை உண்டு. கட்டையை மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒலி ஒன்றுதான். வீணையில் தந்தியை இழுத்து வளைப்பதுபோல் ஒரு சுரத்தை அசைக்க இயலாது. நம் சங்கீதத்தின் உயிரான கமகத்துக்கு அதில் இடமில்லை. இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்த சண்டைக்கெல்லாம் இதுவே மூலம்.

கத்தோலிக்கப் பேராலய ஆர்கனை அதன் முழு வடிவில் காண விரும்புகிறவர்கள் பாரிசு நகரத்து நோத்ர்தாம் பேராலயத்தைப் பார்க்க வேண்டும். புதுவைக்கும் பாரிசுக்கும் உறவு பழையது. 1776 முதல் புதுவைப் பகுதியில் சமயப் பணி புரிந்தவர்கள் பாரிசு அயல்நாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த குருமார்கள். 1791-இல் கட்டி முடிக்கப்பெற்ற புதுவை அமலோற்பவ மாதா பேராலயத்தை எங்கள் பக்கத்தார் சம்பா கோயில் என்பார்கள். அங்கே பூசை செய்த பிரஞ்சுக் குருமார்கள் பிறந்த தேசத்தில், பெரிய கோயில் என்றால் பெரிய ஆர்கனும் உண்டு என்பதே வழக்கம்.

நோத்ர்தாம் ஆர்கனை 1868-இல் புதுக்கி அமைத்தவர் அரிஸ்டீட் கவாயே-கோல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் கலையில் அவருக்கு நிகர் சொல்ல ஆள் இல்லை. ஐந்து அடுக்குக் கட்டைகள், ஏறத்தாழ 8,000 குழாய்கள். அது மேற்கு வாயிலுக்கு மேலே, வட்டமான வண்ணக் கண்ணாடிச் சாளரத்துக்கு முன்பாக நிற்கிறது. பீடத்தை நோக்கி வணங்குகிறவர்களுக்கு அது கண்ணில் படாது. ஒலி மட்டும் முதுகுப் பக்கத்திலிருந்து வந்து தலைக்கு மேல் கடந்து போகும். வாசிப்பவர் யார் என்று காணாமலே கேட்க வேண்டும் என்பதில் ஒரு பண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நம் கச்சேரி மேடைகளில் இது அரிது.

2019 ஏப்ரல் 15-ஆம் நாள் மாலை அப்பேராலயத்தின் கூரை தீப்பற்றி எரிந்ததைத் தொலைக்காட்சியில் உலகமே கண்டது. கோபுரம் சரிந்து விழுந்தது. ஆனால் பெரிய ஆர்கன் எரியவில்லை. தீயணைப்போர் பீய்ச்சிய தண்ணீரும் அதனைப் பெரிதாக நனைக்கவில்லை. பீடத்தருகே இருந்த சிறிய ஆர்கன்தான் தண்ணீரில் கெட்டது. பெரியதற்கு வந்த ஆபத்து வேறு. கூரையில் வேய்ந்திருந்த ஈயம் உருகிப் பொடியாகிக் குழாய்களின்மேல் நஞ்சாகப் படிந்துவிட்டது. 2020-இல் குழாய்களைக் கழற்றி இறக்கிப் பட்டறைகளுக்கு அனுப்பித் துடைத்தார்கள். மீண்டும் ஏற்றிய பிறகு சுருதி சேர்ப்பதற்கு மட்டும் மாதக்கணக்கில் ஆயிற்று. பகலில் கட்டட வேலையின் ஓசை இருந்தமையால் இரவின் அமைதியில் அந்த வேலை நடந்தது. 2024 டிசம்பர் 7-ஆம் நாள் பேராலயம் திறக்கப்பட்டபோது, பேராயர் ஆர்கனை ஓர் உயிருள்ள ஆளை அழைப்பதுபோல் எட்டு முறை அழைத்தார். ஒவ்வோர் அழைப்புக்கும் ஆர்கன் தன் குரலால் மறுமொழி சொல்லிற்று. அந்த மறுமொழிகள் எழுதி வைத்து வாசிக்கப்பட்டவை அல்ல. அவ்விடத்திலேயே கற்பனையாகப் பிறந்தவை.

இங்கே சற்று நின்று சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மேனாட்டுச் சங்கீதம் என்றால் ஏட்டைப் பார்த்து எழுதியபடி வாசிப்பது என்று நம்மவர் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பேராலய ஆர்கன் வாசிப்பில் அது பாதி உண்மைதான். பூசையில் குருவானவர் ஒரு சடங்கை முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அந்த இடைவெளியை நிரப்ப வாசிப்பவர் அன்றைய பாட்டின் மெட்டை எடுத்துக்கொண்டு தம் மனம்போல விரித்துச் செல்வார். சடங்கு முடிந்ததும் முடிப்பார். நம் ஆலாபனைக்கும் மனோதர்மத்துக்கும் இதனினும் நெருங்கிய உறவு மேனாட்டுச் சாஸ்திரீய இசையில் வேறெங்கும் இல்லை என்று துணிந்து சொல்வேன். அந்த மெட்டுக்களும் கிரகோரியப் பாட்டு எனப்படும் பழைய இலத்தீன் பாட்டுக்களிலிருந்து வந்தவை. பல குரல்களை அடுக்கும் ஹார்மனி அவற்றில் இல்லை. நம் இசையைப்போலவே ஒற்றைக் கோட்டில் ஓடுவன. ராகங்கள்போலத் தனித்தனிச் சுர அமைப்புக்களில் அடங்குவன. சில பாடல்களில் ஒரு சரணத்தைப் பாடற்குழு பாட, அடுத்த சரணத்தை ஆர்கன் வார்த்தையின்றி வாசிக்கும் வழக்கமும் இருந்தது. பாட்டும் நாகசுரமும் முறை வைத்துக்கொள்வதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி வாசித்தவர்களில் லூயி வியர்ன் என்பவரைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. பிறவியிலேயே பார்வை மிகமிகக் குறைவு. 1900 முதல் நோத்ர்தாமில் ஆர்கன் வாசித்தார். 1937 ஜூன் 2-ஆம் நாள் தம்முடைய 1,750-ஆவது இசை நிகழ்ச்சியை வாசித்துக்கொண்டிருக்கையில் அந்த இருக்கையிலேயே உயிர் துறந்தார். சாய்ந்தபோது அவருடைய பாதம் கீழ்க்கட்டை ஒன்றின்மேல் பதிந்து, அந்த மந்தர சுரம் கோயில் முழுதும் நீண்டு ஒலித்தது என்பார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபை இந்த வாத்தியத்துக்குத் தந்த இடமும் சட்டத்தால் வரையறுக்கப்பட்டதே. 1903-இல் பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட ஆணை, கோயில் இசைக்கு மனிதக் குரலே தலைமை என்றும், துணையாக ஆர்கனை அனுமதிக்கலாம் என்றும் கூறிற்று. பியானோவும் முரசு, தாளம் போன்ற ஆரவார வாத்தியங்களும் கோயிலுக்குள் கூடாது என்றது. அந்த ஆணையை எழுத்தெழுத்தாகப் பின்பற்றினால் மிருதங்கத்துக்கும் ஜால்ராவுக்கும் இடம் எங்கே? 1963 டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட வழிபாட்டு ஏடுதான் கதவைத் திறந்தது. குழாய் ஆர்கனுக்குப் பெருமதிப்புத் தர வேண்டும் என்று அதுவும் சொல்கிறது. ஆனால் வழிபாட்டுக்குத் தகுந்த பிற வாத்தியங்களையும், அந்தந்த நாட்டுத் திருச்சபையின் ஒப்புதலோடு, சேர்த்துக்கொள்ளலாம் என்றது. அந்தப் பத்தாண்டிலேயே பூசையும் இலத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அக்பருடைய அரசவையில், 1580-ஐ ஒட்டிய காலத்தில், கோவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓர் ஆர்கன் காட்டப்பட்டது. ஆளுயரப் பெட்டி என்றும், அதற்குக் காற்று ஊட்ட மயிற்பீலி போன்ற ஏதோ ஒன்றை இருவர் இயக்கினர் என்றும் அக்காலத்து வரலாற்றாசிரியர் பதாவுனி வியந்து எழுதினார். பம்பாயில் கொலாபாவில் உள்ள திருநாமப் பேராலயத்தில் குழாய் ஆர்கன் உண்டு. எங்களுக்கு மிக அண்மையில், சென்னை எழும்பூரில் இருப்பது கத்தோலிக்கப் பேராலயத்தினுடையது அன்று. 1821-இல் ஸ்காத்லாந்து சபையாருக்காகத் திறக்கப்பட்ட புனித அந்திரேயா ஆலயத்தினுடையது. யார்க்ஷயரில் செய்து 1883-இல் அங்கே நிறுவப்பட்டது அந்த ஆர்கன். அதை வாசித்தவர்களில் ஹாண்டல் மானுவேல் சென்னை வானொலியில் மேனாட்டு இசைப் பகுதியில் பணியாற்றியவர். ஆகவே வானொலி நேயர்களுக்கு ஆர்கன் முற்றிலும் அந்நியம் என்று சொல்வதற்கில்லை.

ஆனால் கடற்கரையோரத்து ஊர்க்கோயில்களுக்கு அது ஏன் வரவில்லை? பணம் இல்லை என்பது முதற் காரணம். அது எல்லார்க்கும் தெரிந்தது. இரண்டாவது காரணத்தை எங்கள் ஊர்ச் சிறுவனும் சொல்வான்: உப்புக் காற்று. புதிதாக வாங்கிய சைக்கிளின் சங்கிலி இங்கே ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதற்குள் செம்மண் நிறம் அடைந்துவிடுகிறது. ஜன்னல் கம்பி செதிள் செதிளாக உதிர்கிறது. உப்பு, காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுத்துக்கொண்டு இரும்பைத் தின்கிறது. ஆர்கனுக்குள்ளே ஆயிரக்கணக்கான கம்பிகளும் சுருள்வில்களும் அடைப்புக்களும் இருக்கின்றன. துருத்தி தோலால் ஆனது. தோலில் பூசணம் பிடிக்கும், எலியும் கடிக்கும். மரக்குழாய் ஐப்பசி மழையில் ஊதும். சித்திரை வெயிலில் வெடிக்கும். கறையானைப்பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அதைவிட நுட்பமான தொல்லை ஒன்று உண்டு. வெப்பம் ஏற ஏற ஒலியின் வேகம் கூடுகிறது. ஆகவே புல்லாங்குழல் ஜாதிக் குழாய்களின் சுருதியும் ஏறும். பதினைந்து பாகையில் சுருதி சேர்த்த குழாய், முப்பத்தைந்து பாகை வெயிலில், அடுத்த கட்டைக்குள்ள தூரத்தில் பாதிக்கு மேல் ஏறிவிடும். எல்லாக் குழாயும் ஒன்றாக ஏறினால் பாதகமில்லை. சீவாளி ஜாதிக் குழாய்கள் அவ்வாறு ஏறுவதில்லை. ஆதலால் குளிர்நாட்டில் சுருதி சேர்ந்த ஆர்கன் இங்கே தன்னோடு தானே சண்டையிடத் தொடங்கும். சுருதி சேர்க்கும் வல்லுநர் உள்ளூரிலேயே இருந்து அடிக்கடி பார்த்தால்தான் கதி. ஊர்க்கோயிலுக்கு அது நடக்கிற காரியமா?

இவ்விடத்தில், இதே தொல்லையை எதிர்கொண்டு வென்ற ஓர் உப்புக்கரையைப்பற்றிச் சொல்ல வேண்டும். பிலிப்பைன்சு நாட்டில் மணிலா விரிகுடாவின் ஓரத்தில் லாஸ் பினாஸ் என்று ஓர் ஊர். முன்னாளில் மீன்பிடிப்புக்கும் உப்பளங்களுக்கும் பேர்போன ஊர். எங்கள் ஊருக்கு அக்காள் தங்கை முறை என்று சொல்லலாம். அவ்வூர்ப் பங்குக் கோயிலுக்கு ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்த தியேகோ செரா என்னும் குருவானவர் 1816-இல் ஓர் ஆர்கன் செய்யத் தொடங்கினார். உலோகத்துக்கு எங்கே போவது? ஊரைச் சுற்றி விளைந்த மூங்கிலையே எடுத்தார். மூங்கிலைப் பூச்சி அரிக்குமே என்று அஞ்சி, வெட்டிய மூங்கில்களைக் கடற்கரை மணலில் பல மாதங்கள் புதைத்துவைத்தார். உப்பேறிய மணலில் கிடந்து அரிப்புக்குத் தப்பிய மூங்கில்களைத்தான் குழாய்களாக்கினார். 1824-இல் வேலை நிறைவுற்றது. மொத்தம் 1,031 குழாய்கள். அவற்றுள் 902 மூங்கிலால் ஆனவை. எக்காளம்போல் ஒலிக்க வேண்டிய 129 மட்டுமே உலோகம்.

எந்த உப்பு நம் ஆர்மோனியத்தின் திருகாணியைத் தின்கிறதோ அந்த உப்பே அங்கே வாத்தியத்தின் ஆயுளைக் கூட்டிற்று. இந்தச் செய்தியை முதன்முதலில் படித்தபோது நான் அன்றைய வேலையை மறந்து வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பித்த எனக்குக் குழாயின் நீளமும் அதிர்வெண்ணும் தெரியும். ஒரு பொருளின் பகையையே அதற்குக் காவலாக்கும் யுக்தி தோன்றியிராது.

நில அதிர்ச்சியும் புயலும் அந்த ஆர்கனையும் விடவில்லை. பல பத்தாண்டுகள் ஊமையாகக் கிடந்தது. 1973-இல் அதனைக் கழற்றி, மூங்கிற் குழாய்களை ஜப்பானுக்கும் மற்றப் பாகங்களை ஜெர்மனியில் பான் நகரத்துக் கிளாய்ஸ் பட்டறைக்கும் அனுப்பினார்கள். உலர்ந்த ஐரோப்பியக் காற்றில் மூங்கில் வெடித்துவிடும் என்று, பட்டறையில் ஓர் அறையைப் பிலிப்பைன்சின் வெப்பமும் ஈரமும் உள்ளதாக ஆக்கி அதற்குள் வைத்து வேலை செய்தார்கள். நம் காற்று ஐரோப்பிய வாத்தியத்துக்கு ஆகாது என்று கேட்டே பழகிய நமக்கு, ஐரோப்பியக் காற்று கீழ்நாட்டு வாத்தியத்துக்கு ஆகவில்லை என்பது கேட்கச் சுவையாகவே இருக்கிறது. 1975-இல் அது ஊர் திரும்பிற்று. 1976 முதல் அதற்கென்றே அங்கு இசைவிழா நடக்கிறது.

எங்கள் கரையில் ஒரு தியேகோ செரா தோன்றவில்லை. மூங்கிலுக்குப் பதிலாக நமக்குப் பெட்டி வந்தது. பாரிசில் அலெக்சாந்தர் தெபேன் 1842-இல் ஆர்மோனியம் என்ற பெயரால் உரிமை பெற்ற அந்த வாத்தியத்தில் குழாயே கிடையாது. உலோக நாக்கு காற்றில் துடித்துத் தானே ஒலிக்கும். அந்த நாக்கின் தத்துவம் ஐரோப்பாவில் பிறந்ததும் அன்று. சீனர்களின் ‘ஷெங்’ என்னும் பழைய வாய்க்கருவியில் இருந்ததைக் கண்டே பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் ஆராய்ச்சியில் இறங்கினார்கள். ஆசியாவிலிருந்து போய் ஆசியாவுக்கே திரும்பிய சரக்கு அது. குழாய் இல்லாமையால் வெயிலில் சுருதி அவ்வளவாக ஓடுவதில்லை. மாட்டு வண்டியிலும் படகிலும் ஏற்றலாம். பழுதானால் திறந்து பார்க்கலாம். முதலில் வந்தவை காலால் மிதிப்பவை. கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ், தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை அசைத்து மறு கையால் வாசிக்கத்தக்கதாக அதை மாற்றி அமைத்தார். அதன் பிறகு அது எங்கும் பரவிற்று. கோயிலில் மட்டுமா? பஜனை மடத்திலும் நாடகக் கொட்டகையிலும் அதுவே. கிட்டப்பாவின் பாட்டுக்கு அவருடைய தமையனார் காசி ஐயர் வாசித்த ஆர்மோனியத்தைப்பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டே நான் வளர்ந்தேன்.

எதிர்ப்பும் கூடவே வளர்ந்தது. புதுவையில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த பாரதியார், ‘சங்கீத விஷயம்’ என்னும் கட்டுரையில் ஆர்மோனியத்தைச் சிறிதும் தயவின்றிச் சாடினார். தாகூரும் அதனை வெறுத்தார். டெல்லி வானொலியில் மேனாட்டு இசைக்குப் பொறுப்பாயிருந்த ஜான் ஃபோல்ட்ஸ் என்னும் ஆங்கிலேயரும் 1938-இல் அதைக் கண்டித்து எழுதினார். வாதம் ஒன்றுதான்: ஆர்மோனியத்தின் சுரங்கள் மேனாட்டு முறையில் சமமாகக் கூறுபோடப்பட்டவை, நம் சுருதிகளோடு அவை ஒத்துப்போவதில்லை, கமகமும் அதில் இல்லை. 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. 1971-இல்தான் தடை தளர்ந்தது. அதாவது, ஊரில் எந்தக் கோயிலில், எந்தக் கொட்டகையில் பாட்டுக் கேட்டாலும் ஆர்மோனியம் உண்டு. வானொலிப் பெட்டியைத் திருப்பினால் மட்டும் அந்த ஒலி இல்லை. அந்தத் தடையைப்பற்றி இதே வானொலியில் என்னைப் பேச விடுவதற்கு நிலையத்தாருக்கு நான் நன்றி செலுத்த வேண்டும்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இரு தரப்பாரும் வெவ்வேறு பொருளைப்பற்றிப் பேசினார்கள் என்பேன். ஒரு வித்துவான் தோடியை ஆலாபனை செய்யும்போது பக்கத்தில் ஆர்மோனியம் பின்தொடர்ந்தால் அது தோடியைக் கொன்றுவிடும் என்பதில் பாரதியார் பக்கமே நியாயம். ஆனால் உப்பளத்தில் வேலை செய்துவிட்டு வந்த நூறு ஆண் பெண்கள், சங்கீதப் பயிற்சி சிறிதும் இல்லாதவர்கள், ஒரே குரலாக ஒரு மாதா பாட்டைப் பாட வேண்டும். சுருதியைக் காட்டி, அடுத்த அடியை எடுத்துக்கொடுத்து, தாழ்கிற குரலைத் தாங்கிப் பிடிக்க அவர்களுக்கு ஒரு துணை வேண்டும். இதுவேதான் பேராலயத்தில் ஆர்கனுடைய வேலையும். நூறு பேர் சேர்ந்து பாடும்போது கமகத்தை யார் தேடப்போகிறார்கள்? மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். அவருடைய கீர்த்தனைகளைத் தனியொருவர் பாடும்போது தம்புராவும் வயலினும் போதும். சபையாகப் பாடுவதென்றால் துருத்தி வேண்டும்.

அந்தத் துருத்திக்கு இப்போது வேறொரு பகை வந்திருக்கிறது. பல கோயில்களில் ஆர்மோனியம் மூலைக்குப் போய்விட்டது. மின்சாரக் கீபோர்டு வந்திருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் பேராலய ஆர்கனின் குரல். மற்றொன்றை அழுத்தினால் வயலின். மூன்றாவதை அழுத்தினால் தாளமும் தானே ஓடுகிறது. வாசிக்கும் பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் தானே ஓடும் தாளம் யாருக்காகவும் நிற்பதில்லை. ஆர்மோனியம் வாசித்தவர், கிழவிகள் ஓரடியை முடிக்கும்வரை துருத்தியைத் தாழ்த்திக் காத்திருப்பார்; பிறகுதான் அடுத்த அடிக்கு எழுப்புவார். நோத்ர்தாமில் குருவானவரின் சடங்கு முடியும்வரை மெட்டை விரித்துக்கொண்டே காத்திருக்கிறவரும் அதைத்தான் செய்கிறார். பொறியில் அந்தப் பொறுமை இல்லாமையால், பாடுகிறவர்கள் பொறிக்குப் பின்னால் ஓடுகிறார்கள். முடியாதவர்கள் பாடுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள். தாளப் பொத்தானை மட்டும் அழுத்தாமல் வாசிக்கச் சொன்னாலே பாதிக் குரல்கள் திரும்பி வந்துவிடும். ஓரிரு கோயில்களில் சொல்லிப் பார்த்தேன், கேட்டார்கள்.

குழாய் ஆர்கனை நேரில் காண விரும்புகிற நேயர்கள், சென்னை எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் உள்ள அந்திரேயா ஆலயத்துக்குப் போகலாம். பிள்ளைகளைக் கூட அழைத்துச் செல்லுங்கள். வாசிப்பு நடக்குமாயின், முதல் வரிசையில் உட்கார வேண்டாம். பின்னால் உள்ள மரப்பலகையில் உட்கார்ந்து, பலகையின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ச்சுரம் வரும்போது காதுக்கு முன்பே கை அதைக் கேட்கும்.